உறை போட்ட தண்ணீர்

தங்கை தர்சிகாவின் பிள்ளைப்பேற்றுக்காக வவுனியாவுக்குப் போயிருந்த சுபாஜினி, ஒரு மாதம் கழித்துக் கோப்பாய்க்குத் திரும்பியபோது மார்கழி மழை சற்றே விட்டிருந்தது. பஸ்ஸால் இறங்கி ஓட்டோவில் ஏறியவள் வழிநெடுகத் தோட்டங்களைத்தான் பார்த்துக்கொண்டு வந்தாள்.  வெங்காயப் பாத்திகளில் இலைகள் முறுகிச் சுருண்டு, மஞ்சளடித்து, செம்மண்ணோடு ஒட்டிக் கிடந்தன. பங்கசு எனும் பூஞ்சை நோய். மழையும் மூட்டமும் ஒரு கிழமை சேர்ந்து நின்றால் போதும், ஒரு பாத்தியில் தொடங்கி ஊரையே சுருட்டிவிடும்.

"இந்தமுறை எல்லாருக்கும் அடிதான் அக்கா," என்றான் ஓட்டோக்காரன். "உங்கடை ஒழுங்கையைத் தவிர."

வீட்டுக்குப் போகும் ஒழுங்கைக்குள் திரும்பியதும் அவன் சொன்னது விளங்கியது. இரண்டு பக்கமும் வெங்காயம் ஈட்டி ஈட்டியாய் நிமிர்ந்து நின்றது. கரும்பச்சை. ஒரு நுனிகூட வளையவில்லை. பக்கத்து வீட்டுத் தியாகலிங்கத்தின் தோட்டம், இளையதம்பியின் தோட்டம், அதற்கப்பால் சுபாஜினியின் வீட்டுத் தோட்டம். யாரோ வேலி போட்டு நோயை மறித்துவிட்டதுபோல இருந்தது.

சந்தோசப்பட வேண்டிய நேரம். சுபாஜினிக்குச் சந்தோசம் வரவில்லை. பங்கசுக்கென்று தான் செய்து கொடுக்கும் தண்ணீர் இவ்வளவு நல்லதில்லை என்று அவளுக்குத் தெரியும்.

விவசாயம் படித்தவள் அவள். நாட்டுக்குள் கிருமிநாசினி வராமல் நின்றுபோன வருசத்தில், வீட்டுக்குப் பின்னாலிருந்த கொட்டிலைக் கழுவி வெள்ளையடித்து அந்த வேலையைத் தொடங்கினாள். பயிரின் வேரைச் சுற்றிக் குடியிருந்து பங்கசை அண்டவிடாமல் வைத்திருக்கும் நல்ல பற்றீரியா ஒன்று இருக்கிறது. தான் படித்த இடத்து ஆய்வுகூடத்திலிருந்து அதன் விதையைச் சின்னச் சின்னக் குழாய்களில் வாங்கிவந்து பிறிஜ்ஜில் வைத்திருந்தாள். கொதித்தாறிய தண்ணீரில் சீனிப்பாகு கரைத்து, அதில் இந்த விதையை விட்டு, பிளாஸ்ரிக் கான்களில் வளர்த்துத் தோட்டக்காரருக்குக் கொடுப்பாள். முதலில் ஊர் சிரித்தது. "சுபாவின்ரை பச்சைத்தண்ணி" என்று பகிடி பண்ணியது. பிறகு, அந்தத் தண்ணீர் விட்ட பாத்திகளில் பாதிக்குக் கொஞ்சம் மேலே தப்பி நின்றதைக் கண்டதும் கானோடு வந்து வாசலில் நின்றது.

பாதிக்குக் கொஞ்சம் மேலே. அவ்வளவுதான் அதால் முடிந்தது. இப்போது ஒரு செடி சாயவில்லை.

கணவன் ஜெயரூபன் வாசல் படலையடியில் நின்றான். முகமெல்லாம் சிரிப்பு. "வாரும், வாரும். தோட்டத்தைப் பாத்துக்கொண்டு வந்தனீரே?" பையை வாங்கித் திண்ணையில் போட்டுவிட்டு அவள் கால் கழுவுவதற்குக்கூட விடாமல் கொட்டிலுக்குக் கூட்டிப்போனான். வரிசையாய்க் கான்கள். ஒன்றின் மூடியைத் திறந்து காட்டினான்.

அவளுடைய தண்ணீர் இளமஞ்சளும் பச்சையுமாய் இருக்கும். இது மயில்துத்தம் கரைத்ததுபோல நீலம் பாய்ந்திருந்தது. குனிந்தவளின் மூக்கில் இனிய மணமொன்று ஏறியது. நன்றாய்ப் பழுத்த திராட்சைக் குலைக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுபோனதுபோல.

"நல்ல வாசம் என்ன?" என்றான் ஜெயரூபன்.

"இது என்னெண்டு செய்தனீங்கள்?"

"நீர் போன கிழமையே மழைக்குக் கரண்ட் நிண்டு போச்சு. நாள்க்கணக்கா வரேல்லை. பிறிஜ்ஜுக்கை இருந்த உம்மடை குழாயெல்லாம் பழுதாப் போச்சு. நீர் அங்கை தங்கச்சியோடை படுற பாடு எனக்குத் தெரியும். என்னத்துக்குச் சொல்லிப் பயப்பிடுத்துவான் எண்டு விட்டிட்டன். இஞ்சை சனம் இலை சுருளுது எண்டு வந்து நிக்குது. பழைய கானிலை அடியிலை கொஞ்சம் கிடந்தது. அதைத்தான் உறையா விட்டனான்."

"உறையாவோ?"

"நீர்தானே சொல்லுறனீர், தயிருக்கு உறை போடுற மாதிரித்தான் எண்டு."

சொன்னவள்தான். வாசிகசாலையில் தோட்டக்காரருக்கு விளங்கப்படுத்தும்போது, எல்லாருக்கும் பிடிபடட்டும் என்று அப்படிச் சொல்லியிருந்தாள். எல்லாரும் தலையாட்டினார்கள்.

"தண்ணியைக் கொதிக்க வைச்சனீங்களே?"

"முதல் தரம் வைச்சனான். பிறகு விறகு முழுக்க நனைஞ்சு போச்சு. எங்கடை கிணத்துத் தண்ணிதானே, நாங்கள் குடிக்கிறது." அவள் முகத்தைப் பார்த்ததும் அவனுடைய குரல் இறங்கியது. "சும்மா குடுக்கேல்லை சுபா. லைற் அடிச்சுப் பாத்திட்டுத்தான் குடுத்தனான்."

கடைக்காரர் கள்ளக் காசுத்தாள் பிடிக்க வைத்திருக்கும் ஊதா லைற் ஒன்றை அவள் கொட்டிலில் வைத்திருந்தாள். அவளுடைய பற்றீரியா அந்த ஒளியில் பச்சையாய் மினுங்கும். அவன் கதவைச் சாத்திவிட்டு லைற்றை அடித்தான். இருட்டில் கான்களெல்லாம் பச்சையாய் எரிந்தன.

"பாரும். அதே வெளிச்சம்."

அதே வெளிச்சம்தான். ஆனால் அந்தப் பற்றீரியாக் குடும்பத்தில் அப்படி மினுங்குவது ஒன்றல்ல. இன்னொன்றும் இருக்கிறது. மண்ணில், கிணற்றில், குளியலறை வாளியில் என்று எங்கும் கொஞ்சங் கொஞ்சமாய் இருக்கும். அதுவும் பங்கசைக் கொல்லும். அவளுடையதைவிட நன்றாகவே கொல்லும். நீல நிறம் விடும். திராட்சை மணக்கும். அவளுடைய பற்றீரியா மனித உடம்பின் சூட்டில் சோர்ந்துபோய்விடும். மற்றதற்கு அந்தச் சூடுதான் சுகம்.

அவள் லைற்றை அவனிடமிருந்து வாங்கி அணைத்தாள். கானிலிருந்து ஒரு துளி எடுத்துக் கிருமி வளர்க்கும் கண்ணாடித் தட்டில் பூசினாள். பழைய குஞ்சு பொரிக்கும் பெட்டி ஒன்றைத்தான் அவள் சூட்டுப்பெட்டியாகப் பாவித்தாள். கடும் காய்ச்சல்காரனின் உடம்பைவிடச் சூடு கூட இருக்குமாறு அதைத் திருப்பி, தட்டை உள்ளே வைத்து மூடினாள். அவளுடையதாக இருந்தால் அந்தச் சூட்டில் ஒன்றும் முளைக்காது. தட்டு வெறுமையாய்க் கிடக்கும். வெறுமையாய்க் கிடக்கட்டும் என்று நல்லூரானை வேண்டிக்கொண்டாள்.

காலையில் பெட்டியைத் திறந்தபோது தட்டு முழுதும் நீலப்பச்சையாய்ப் படர்ந்து, ஓரத்தில் ஏறி, மூடியையும் தொட்டிருந்தது.

ஜெயரூபன் தேத்தண்ணியோடு வந்து பின்னால் நின்றான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் பொறுமையாய்க் கேட்டான்.

"எங்கையும் இருக்கிற கிருமி எண்டு நீரே சொல்லுறீர். அப்ப ஆருக்கு என்ன?"

"எங்கையும் கொஞ்சமா இருக்கிறது வேறை. நாங்கள் அதைக் கான் கானா வளத்திருக்கிறம். வளத்து, வெறுங்காலோடை நிக்கிற சனத்தின்ரை வாய்க்காலுக்கை விட்டிருக்கிறம். சுகமா இருக்கிற ஆளை அது ஒண்டும் செய்யாது. காயம் இருக்கிற ஆள், சீனி வருத்தக்காரர், சின்னப் பிள்ளையள்..."

"ஆருக்கும் ஏதும் வந்ததே?"

"எனக்கென்னெண்டு தெரியும்? நான் நேற்றுத்தானே வந்தனான்."

அவன் கோப்பையைக் கீழே வைத்தான். வைத்த கையைப் பார்த்தபடி, "தியாகண்ணைக்குக் காலிலை மண்வெட்டி பட்டதெண்டு சொன்னவை," என்றான். "சின்னக் காயமாம்."

தியாகலிங்கத்தின் வீடு வேலிக்கு அடுத்த பக்கம். பேர்போன தோட்டக்காரர், ஊர் பகிடி பண்ணிய காலத்தில் சுபாஜினியின் தண்ணீரை நம்பி முதல் கான் வாங்கியவர் அவர்தான். கனகாலமாய் நீரிழிவு. கால்களில் உணர்ச்சி குறைந்து முள் குத்தினாலும் தெரியாது என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

அவள் போனபோது அவருடைய மனைவி நாகேஸ்வரி கிணற்றடியில் துணி தோய்த்துக்கொண்டிருந்தாள். "எப்ப பிள்ளை வந்தனி? தங்கச்சிக்கு என்ன பிள்ளை?" என்று முகம் மலர்ந்து கேட்டாள். கல்லில் குவிந்து கிடந்தது, காலில் சுற்றிய புண்சீலை. அதில் நீலமும் பச்சையுமாய்த் திட்டுத் திட்டாய்ப் படிந்திருந்தது.

"உது என்னக்கா?"

"அவரின்ரை புதுச் சாறத்தின்ரை சாயம் ஊறிட்டுதாக்கும். எத்தினை தரம் தோய்ச்சும் போகுதில்லை."

சுபாஜினி உள்ளே போனாள். தியாகலிங்கம் கட்டிலில் காலைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு சாய்ந்திருந்தார். கண்கள் காய்ச்சலில் பளபளத்தன. ஆனால் அவர் உற்சாகமாய் இருந்தார்.

"வா பிள்ளை, வா. கண்டனியே என்ரை வெங்காயத்தை? வாழ்க்கையிலை நான் உப்பிடி ஒரு வெங்காயம் காணேல்லை. இந்தமுறை உன்ரை தண்ணி தங்கத் தண்ணி. நான் பாத்திக்குப் பாத்தி நிண்டு, கையாலை அள்ளி அள்ளி விட்டனான்."

"கால் எப்பிடி அண்ணை?"

"கால் ஒண்டும் நோகேல்லை. அது பாட்டிலை கிடக்கு."

நோகவில்லை என்பதுதான் அவளைப் பயமுறுத்தியது. கட்டைப் பிரித்துப் பார்க்கவா என்று கேட்டுவிட்டுக் குனிந்தாள். அவிழ்ப்பதற்கு முன்னமே அந்த மணம் வந்துவிட்டது. கொட்டிலில் மணத்த அதே திராட்சை மணம், இப்போது அழுகலோடு கலந்து, இந்த வீட்டுக்குள், ஒரு மனிதனின் உடம்பிலிருந்து. பெருவிரலிலிருந்து கணுக்கால் வரை கறுத்து வீங்கியிருந்தது.  அவள் சீலையைத் திரும்பச் சுற்றினாள்.

"அண்ணை, இப்பவே ஆசுபத்திரிக்குப் போவம்."

"உனக்கென்ன விசரே? வெங்காயம் கிண்டி முடியட்டும். இன்னும் கொஞ்ச நாள்தானே. நான் போய்ப் படுத்தா ஆர் பாக்கிறது?"

"வெங்காயத்தை நாங்கள் பாக்கிறம். எழும்புங்கோ."

"நான் வரேல்லை."

நாகேஸ்வரி ஈரக்கையோடு வாசலில் வந்து நின்றாள். சுபாஜினியின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கணவனின் சேர்ட்டைக் கொடியிலிருந்து எடுத்துக் கட்டிலில் போட்டாள். "எழும்புங்கோ. உந்தப் பிள்ளை சும்மா சொல்லாது."

ஆசுபத்திரியில் உடனேயே வார்ட்டில் சேர்த்துக்கொண்டார்கள். காயத்திலிருந்து எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வர நாள் செல்லும் என்றார்கள். மோட்டசைக்கிளில் பின்னால் வந்த ஜெயரூபன் நடைவாசலில் சுபாஜினியை ஒதுக்குப்புறமாய்க் கூட்டிப்போனான்.

"நீர் ஒண்டும் கதைக்காதையும். அவையளே கண்டுபிடிப்பினம். நாங்கள் சொன்னம் எண்டு தெரிஞ்சா ஊருக்குள்ளை என்னெண்டு முழிக்கிறது? பொலிசும் வந்து நிக்கும்."

"அவையள் கண்டுபிடிக்க நாள் எடுக்கும். அவருக்கு அவ்வளவு நாள் இல்லை."

"உது எங்கடை தண்ணியாலைதான் வந்தது எண்டு உமக்கு என்ன நிச்சயம்?"

"நிச்சயம் இல்லை," என்றாள் சுபாஜினி. "அவருக்கு எந்த மருந்து குடுக்கவேணும் எண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டு பேசாமல் நிக்கச் சொல்லுறீங்களே?"

 வழியை மறித்து நின்றவன் மெல்ல விலகினான்.

வார்ட்டில் இருந்த டொக்டர் இளம் பெண். நித்திரையில்லாத கண்கள். "நீங்கள் நோயாளிக்கு என்ன முறை?" என்று கேட்டாள்.

"பக்கத்து வீடு டொக்டர். அவரின்ரை தோட்டத்துக்குத் தண்ணி குடுத்தது நாங்கள்."

என்ன தண்ணீர், எப்படிப் பிழையாய்ப் போனது, தட்டில் என்ன முளைத்தது என்று ஒன்றும் விடாமல் சொன்னாள். கிருமியின் பெயரையும் சொன்னாள். டொக்டர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"இந்தக் கிருமி எங்கையிருந்தும் வந்திருக்கலாம். உங்கடை கானிலை இருந்துதான் வந்தது எண்டு ஒருத்தராலையும் அடிச்சுச் சொல்ல ஏலாது."

"தெரியும் டொக்டர்."

"வழமையாக் குடுக்கிற மருந்துக்கு உது அசையாது. நீங்கள் சொன்னபடியாலை நான் இண்டைக்கே மாத்துறன்."

"கால்?"

"முதல் ஆளைக் காப்பாத்துவம்."

அன்று வீட்டுக்கு வந்ததும் இருவருமாய்க் கொட்டிலிலிருந்த கான்கள் அத்தனையையும் முற்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். அரைப்பீப்பாவை அடுப்பில் ஏற்றி, கான் கானாய் ஊற்றிக் கொதிக்க வைத்தார்கள். கொட்டிலின் நிலத்தை, சுவரை, குஞ்சு பொரிக்கும் பெட்டியைக்கூட குளோரின் விட்டுக் கழுவினார்கள். ஆவி கண்ணைக் கரித்தது. ஜெயரூபன் விறகு தள்ளிக்கொண்டிருந்தான். கடைசிக் கானை ஊற்றியபின், "நான் குடுத்தது இதைவிடக் கனக்க," என்றான்.

வாசிகசாலையில் கூட்டம் வைத்தார்கள். தண்ணீர் வாங்கிய எல்லாரும் வந்திருந்தார்கள். சுபாஜினி எழுந்து, வீட்டில் மிச்சமிருக்கும் கான்களைத் திறக்காமல் கொண்டுவந்து தரும்படியும், தோட்டத்தில் வேலை செய்பவர்கள் றப்பர்ச் சப்பாத்தும் கையுறையும் போடும்படியும், காயம் உள்ளவர்கள் பாத்திக்குள் இறங்கவே வேண்டாம் என்றும் சொன்னாள். ஏன் என்று கேட்டார்கள். அவள் வாயைத் திறப்பதற்குள் ஜெயரூபன் எழுந்தான்.

"நான்தான் பிழையாச் செய்தனான். அவ இல்லாத நேரம். அவவுக்கு ஒண்டும் தெரியாது. அதுக்குள்ளை கூடாத கிருமி வந்திட்டுது. தியாகண்ணையின்ரை காலுக்கை இருக்கிறதும் அதுதான் எண்டு நாங்கள் நினைக்கிறம்."

 கைப்பிள்ளையோடு வந்திருந்த ஒரு பெண் எழுந்து, வீட்டுக்கு ஓடி, கானைத் தூக்கிவந்து அவர்கள் காலடியில் வைத்துவிட்டுப் பிள்ளையின் கைகளைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டுத் தேய்த்தாள். மற்றவர்கள் அசையவில்லை.

"தியாகலிங்கத்துக்கு நெடுகச் சீனி," என்றார் இளையதம்பி. தியாகலிங்கத்துக்கு அடுத்த தோட்டம் செய்பவர் அவர். "அந்தக் கால் இண்டைக்குப் பழுதானதே? போன வருசமும் புண்தான். உங்கடை தண்ணி விட்டு எனக்கு ஒரு கீறல்கூட இல்லை."

"உங்களுக்கு வராமல் போகலாம் அண்ணை. எல்லாருக்கும் வராது. வாற ஆளை முன்னுக்கே சொல்ல ஏலாது, அதுதான் பயம்," என்றாள் சுபாஜினி.

"சரி, இதைக் கொண்டுவந்து தந்திட்டு நாளைக்கு இலை சுருண்டா? எதை அடிக்கச் சொல்லுறாய்?"

 ஆய்வுகூடத்தில் அவள் புது விதை கேட்டிருந்தாள். அது வந்து, வளர்ந்து, கான்களை நிறைப்பதற்கு நாள் செல்லும். வானம் மறுபடியும் கறுத்துக்கொண்டு வந்தது.

அடுத்தடுத்த நாட்களில் அவளும் ஜெயரூபனும் வீடு வீடாய்ப் போனார்கள். சிலர் கானைத் தந்தார்கள். சிலர் முடிந்துவிட்டது என்று வெறும் கானைக் காட்டினார்கள். காட்டியவர்களில் ஒருவரின் வளவில், முருங்கை மரத்தடியில் சாக்கால் மூடிய ஏதோ இருந்தது. சுபாஜினி சாக்கை விலக்கினாள். நிறை கான். வெயிலில் வைத்துக் கதகதவென்று இருந்தது. அவள் கொடுத்த கான் இல்லை. எண்ணெய் வந்த பழைய கான்.

"இது எங்காலை?"

அந்த மனிதருக்கு வெட்கமாய்ப் போய்விட்டது. "கொஞ்சம் எடுத்து உறை விட்டுப் பாத்தனான் பிள்ளை. வடிவாப் பொங்கி வந்தது. நீ சொன்ன மாதிரித்தான். ஒருக்காச் செய்தாப் பிறகு ஒரு குறையும் இல்லை, அது தன்பாட்டிலை வளருது."

 அவள் அந்த இடத்திலேயே கிணற்றுக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். தாங்கள் கொடுத்ததை மட்டும் எடுத்தால் போதும் என்று அதுவரை நினைத்திருந்தாள்.

"வேறை ஆரும் உப்பிடிச் செய்யினமே?"

"செய்யாத ஆக்களைக் கேள்," என்றார் அவர்.

தண்ணீர் விடுவதை நிறுத்திய அவர்களுடைய சொந்தத் தோட்டத்தில் இலைகள் நுனியில் வளையத் தொடங்கின. பிறகு எல்லாம் ஒரேயடியாய் முறுகிப் படுத்தன. வேலியால் பார்த்தவர்கள் தலையை ஆட்டிக்கொண்டு போனார்கள். கானைத் தந்தவர்களில் சிலர் வந்து திருப்பிக் கேட்டார்கள். இல்லையென்றதும் திட்டினார்கள். தராதவர்களின் வெங்காயம் நிமிர்ந்து நின்றது.

தியாகலிங்கத்தின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். மாற்றிய மருந்து கேட்டதால்தான் உயிர் தங்கியது என்று டொக்டர் சொன்னாள். இன்னும் இரண்டு நாள் பிந்தியிருந்தால் அதுவும் இல்லையாம்.

சுபாஜினி போனபோது நாகேஸ்வரி வார்ட்டுக்கு வெளியே மர வாங்கில் சுடுதண்ணிப் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். ஊர்க்கதை அவள் காதில் விழுந்திருக்குமோ தெரியவில்லை. விழுந்தாலும் இல்லாவிட்டாலும் தன் வாயால் சொல்லவேண்டும் என்று சுபாஜினி வந்திருந்தாள். பக்கத்தில் இருந்து சொன்னாள். டொக்டருக்குச் சொன்னதுபோலவே, ஒன்றும் விடாமல்.

நாகேஸ்வரி போத்தல் மூடியைத் திருகித் திறந்தாள். திரும்ப மூடினாள்.

"அண்டைக்குப் புண்சீலையைப் பாத்து உன்ரை முகம் மாறினதை நான் கண்டனான்," என்றாள். "அப்பவே உனக்குத் தெரியும், என்ன?"

"ஓம் அக்கா."

"உள்ளுக்குப் போய் அவருக்குச் சொல்லிப்போடாதை. அந்த மனிசன் கால் போன பிறகும் நேர்ஸ்மாருக்கு உன்ரை தண்ணியைத்தான் புகழ்ந்துகொண்டு கிடக்குது. வெங்காயத்தைக் காட்டக் கூட்டிக்கொண்டு போறனாம்." அவள் போத்தலை மடியிலிருந்து எடுத்து வாங்கில் வைத்தாள். "மன்னிச்சனோ இல்லையோ எண்டு என்னட்டை இப்ப கேளாதை. கொண்டுவந்து சேத்தவளும் நீதான். எனக்கு என்ன சொல்லுறதெண்டு தெரியேல்லை. நீ இப்ப போ."

சுபாஜினி எழுந்தாள். வாசல்வரை நடந்தவளைப் பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். அந்த டொக்டர். கையில் ஒரு கண்ணாடித் தட்டின் படம், போனில்.

"உங்களைத்தான் தேடிக்கொண்டு வாறன். உங்கடை தண்ணி மானிப்பாய்ப் பக்கமும் போனதோ?"

"இல்லை டொக்டர். கோப்பாயிலை மட்டுந்தான்."

"அங்கையிருந்து ஒரு பொம்பிளைப் பிள்ளை வந்திருக்கு. கலியாணம் கட்டி ஒரு வருசமும் இல்லை. மருந்தடிக்கேக்கை கண்ணுக்கை பட்டிட்டுதாம். கருவிழி வெள்ளையாப் போச்சு. நாங்கள் எடுத்துப் பாத்தது இதுதான்." போனைத் திருப்பினாள். "என்ன மருந்து அடிச்சனீங்கள் எண்டு கேட்டா, மருந்தில்லை, நல்ல தண்ணி எண்டு சொல்லுது."

சுபாஜினி ஜெயரூபனுக்குப் போன் எடுத்தாள். அவன் மானிப்பாயில் சொந்தமுள்ள இளையதம்பியிடம் ஓடினான். கிழவர் முதலில் மறுத்தார், பிறகு ஒத்துக்கொண்டார். மருமகன் லக்சன் மானிப்பாயில் தோட்டம் செய்கிறான். அவன் கேட்டதால் ஒரு போத்தலில் விட்டுக் கொடுத்தாராம். "ஒரு போத்தல்தானே தம்பி," என்றாராம்.

மழை தூறத் தொடங்கியிருந்தது. ஜெயரூபனின் மோட்டசைக்கிளில் பின்னால் ஏறி நனைந்தபடி சுபாஜினி மானிப்பாய்க்குப் போனாள். வழியில் இரண்டு பக்கமும் தோட்டங்கள். சுருண்டு கிடந்த பாத்திகளைக் காணும்போது அவளுக்கு நெஞ்சு ஆறியது. நிமிர்ந்து நின்றவற்றைக் காணும்போதெல்லாம் பயம் பிடித்தது. மானிப்பாய் கிட்டக் கிட்ட, நிமிர்ந்து நின்றவை கூடிக்கொண்டு வந்தன.

லக்சன் நல்ல மனிதன். யாரென்று சொன்னதும் ஓடிவந்து படலையைத் திறந்தான். "நீங்கள்தானே அந்த அக்கா! மாமா சொன்னவர். வாங்கோ, உள்ளுக்கு வாங்கோ. உங்களாலை எத்தினை சனம் தப்பினது தெரியுமோ?" அவர்களை வீட்டுக்குப் பின்னால் கூட்டிப்போனான். தண்ணீர் இறைத்துவிடுவதற்கென்று கட்டிய சீமெந்துத் தொட்டி ஒன்று அங்கே இருந்தது. மேலே தகரத்தால் மூடியிருந்தது. இருவர் சேர்ந்துதான் தூக்கவேண்டிய தகரத்தை அவன் தனியே இழுத்துத் தள்ளினான். தொட்டி விளிம்பு வரை நீலப்பச்சையாய் நிறைந்திருந்தது. கிணற்றிலிருந்து ஒரு குழாய் அதற்குள் இறங்கியிருந்தது.

"எப்பிடி, வடிவா வந்திருக்கே?" என்று கேட்டான்.

ஜெயரூபன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"தம்பி," என்றாள் சுபாஜினி.  "இதை ஆருக்கெல்லாம் குடுத்தனீங்கள்?"

"ஆர் கேட்டாலும் குடுக்கிறதுதான் அக்கா. இது குறையிற சாமானே?" அவன் விரல் விட்டுச் சொல்லத் தொடங்கினான். பக்கத்து வளவு. கோயிலடியில் மூன்று வீடு. சண்டிலிப்பாயில் சிநேகிதன் ஒருவன். அவன் தன்பாட்டுக்குத் தொட்டி கட்டியிருக்கிறான். சங்கானையில் மாமி வீடு. சந்தையில் ஒருவர் போத்தலோடு வந்தார், பெயர் தெரியாது, தீவுப்பக்கம் போலிருக்கிறது. ஒரு கை விரல்கள் முடிந்தன. அவன் மற்றக் கையைத் தூக்கினான்.

சுபாஜினி அவனுடைய கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஆறுதலாச் சொல்லுங்கோ," என்றாள். "முதலிலை இருந்து சொல்லுங்கோ. முதல் வீடு எது?"